பெரியம்மா புடவையில் ஒரு சுருக்குப்பை: சில ஆய்வுக் குறிப்புகள்

ஒரு ரவிக்கைத் துண்டின் ஆயுட்காலத்தை இதுவரை யாரும் கணக்கிட்டதில்லை. கணக்கிடவும் முடியாது, ஏனென்றால் அது ரவிக்கையாவதே இல்லை. நவராத்திரியில் ஒரு வீட்டு வெற்றிலை பாக்கோடு புறப்படுகிறது. வரலட்சுமி நோன்புக்கு அடுத்த தெருவுக்குப் போகிறது. ஒரு வளைகாப்பு, ஒரு கிரகப்பிரவேசம் தாண்டி, அதே எண்பது சென்டிமீட்டர், அதே பாலிதீன் உறை, அதே மடிப்போடு, முதலில் கொடுத்தவர் கையிலேயே ஒரு நாள் வந்து சேருகிறது. அது தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால், தன் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் மற்ற துண்டுகளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

பசிபிக் கடலில், நியூ கினியின் கிழக்குக் கரையை ஒட்டிய தீவுகளில் இதே போன்ற ஒரு வழக்கத்தை மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் கண்டு, 1922-ல் புத்தகமாகவே எழுதினார். அங்கே சிவப்புச் சிப்பிமாலை தீவு தீவாக ஒரு திசையில் சுற்றும். வெள்ளைச் சங்குக் காப்பு எதிர்த்திசையில் சுற்றும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. அதற்குக் 'குலா' என்று பெயர். காஞ்சிபுரத்தில் ரவிக்கைத் துண்டு சின்ன காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சிக்கு வலமாகச் சுற்றுகிறதா, இடமாகச் சுற்றுகிறதா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. சுற்றுகிறது என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

இந்தச் சுற்றை நிறுத்தக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. பழைய பட்டுப் புடவையை வெட்டி, வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் பரிசு. அதை வாங்கியவரால் அடுத்தவருக்குத் தள்ளிவிட முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. தூக்கி எறியவும் கை வராது. ஊரில் ஓடுகிற பரிசுகளுக்கு நடுவே நிற்கிற பரிசு அது. ஏன் நிற்கிறது என்பதே ஆராய்ச்சி.

முதலில் பொருள் வரையறை. கைவினை வகுப்பு எடுப்பவர்கள் இதை 'மிக்ஸட் மீடியா' என்கிறார்கள். வீட்டில் இதற்குப் பெயர் 'கையில் கிடைத்ததை வைத்துத் தைத்தது'. இரண்டும் ஒன்றுதான். பட்டுப் புடவையின் கரை, பருத்தி லைனிங், ரவிக்கைக் கையில் வைத்தது போக மீந்த பக்ரம், அறுந்துபோன மாலையின் மணிகள், குழந்தைக் கொலுசிலிருந்து கழன்ற சலங்கை, பட்டு நூல் குஞ்சம், ஒரு வட்டக் கண்ணாடி, வேறு எதிலும் சேராத ஒரு பொத்தான். இவை எல்லாம் ஒரே பொருளில் கூடும்போது அது ஆய்வுக்குரியதாகிறது. வடிவங்கள் பல: கொலுப்படி விரிப்பு, தலையணை உறை, வாசல் தோரணம், மொபைல் உறை, பேத்திக்குப் பாவாடை. ஆனால் வகைமாதிரி என்று சொல்லத்தக்கது சுருக்குப்பைதான். வெற்றிலையும் சில்லறையும் போட்டுப் பாட்டிகள் இடுப்பில் செருகிக்கொண்டிருந்த அதே பை, வெளியூர் போய் 'போட்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. இக்கட்டுரை பழைய பெயரையே ஆள்கிறது.

துணியும் வேறு பொருள்களும் கலந்த வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை. வரதராஜப் பெருமாள் வைகாசி கருட சேவைக்குப் புறப்படும்போது மேலே விரியும் வெண்குடைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. திருவரங்கத்துக்கு நடையழகு, காஞ்சிக்குக் குடையழகு என்பது பக்தர்கள் வாக்கு. மூங்கில், துணி, சரிகை ஓரம், குஞ்சம், உச்சியில் கலசம்: எந்தக் கலைக் கல்லூரியும் 'மிக்ஸட் மீடியா' என்று மதிப்பெண் போடும். தேர்களில் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் அப்படித்தான். சிவப்பு, பச்சை, வெள்ளைத் துணிகளை யாளியாகவும் பூவாகவும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தவை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஊர், புடவைக் கரையில் சலங்கை வைத்துத் தைப்பதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னும் பின்னால் போகலாம். ஆய்வு என்றால் பின்னால் போகத்தானே வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இந்த நாட்டில் நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறித்து வைத்தார். பிக்குவின் ஆடை முழுத் துணியாக இருக்கக் கூடாது. வெட்டித் தைத்ததாக இருக்க வேண்டும். மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகக் கிடப்பதைக் காட்டி, அந்த மாதிரியில் ஆடை தைக்க முடியுமா என்று புத்தர் கேட்டார் என்றும், ஆனந்தர் தைத்துக் காட்டினார் என்றும் விநயம் சொல்கிறது. ஆளுக்கு மூன்று ஆடை என்பது விதி. பத்தாயிரம் பேருக்கு முப்பதாயிரம். ஆக, பட்டுக்குப் பெயர்போவதற்கு எத்தனையோ காலம் முன்பே காஞ்சி ஒட்டுத்துணிக்குப் பெயர்போயிருக்க வேண்டும் என்று இக்கட்டுரையின் ஆய்வாளர் கணக்குப் போடுகிறார். யுவான் சுவாங்கின் எண்ணிக்கை உருண்டை எண் என்பதை அவர் கண்டுகொள்ளவில்லை.

வெட்டித் தைக்க வேண்டும் என்ற விதிக்குச் சொல்லப்படும் காரணம்தான் நமக்கு வேண்டியது. கத்தி பட்ட துணிக்குச் சந்தையில் மதிப்பு இல்லை. மதிப்பு இல்லாததை எவரும் ஆசைப்பட்டுக் கவர மாட்டார். வெட்டினால் துணி வியாபாரத்திலிருந்து விலகிவிடுகிறது. ஜப்பானில் இது உச்சத்துக்குப் போனது. பிரபுக்கள் வீட்டிலிருந்து காணிக்கையாக வந்த பூவேலைப் பட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சேர்த்துத் தைத்து, பிக்குகள் 'கேசா' என்ற மேலாடை செய்துகொண்டார்கள். கேசா அணியும் ஜென் மரபு ஜப்பானுக்குப் போனது சீனாவிலிருந்து. சீனாவுக்கு அதைக் கொண்டுபோன போதிதர்மர் காஞ்சிக்காரர் என்பது நம்மூர் நம்பிக்கை. ஆகவே கேசாவும் நம்முடையதே என்று எழுதிவிட ஆய்வாளரின் கை துடிக்கிறது. ஆதாரம் ஒன்று கிடைத்தால் எழுதிவிடுவார்.

சொல் ஆராய்ச்சியில் அவருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. வங்காளத்தில் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி வைத்து, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவதற்குக் 'காந்தா' என்று பெயர். கரையிலிருந்து உருவிய வண்ண நூலே பூவேலைக்கு நூல். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பாட்டி தைப்பாள். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு அம்மா தைப்பாள். கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; அருங்காட்சியகங்களும் காந்தாவைத் தேடிச் சேர்த்தன. ஒட்டுத்துணியைக் குறிக்கும் வடமொழிக் 'கந்தா'தான் அதன் மூலம். நம் 'கந்தை'யும் அங்கிருந்து வந்ததுதான். அதே சொல் வங்காளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. இங்கே கசக்கிக் கட்டுவதற்கு மட்டும் ஆயிற்று. சொற்களுக்கும் ஜாதகம் உண்டு போலிருக்கிறது.

இனி மூலப்பொருள்.

பட்டு ஊரில் பட்டுத் துண்டுக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பஞ்சம்தான். பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பட்டு கழிவாகிக் கிடக்காது. பாவும் ஊடையும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ எடை போட்டு வருகின்றன. நெய்த புடவை எடை போட்டுத் திரும்பிப் போகிறது. ஒரு பாவில் மூன்று புடவை. அந்தப் பாவு தீர்ந்தால் அதன் நுனியிலேயே அடுத்த பாவின் இழைகளைப் பிணைத்துவிடுகிறார்கள். இழைக்கு இழை கணக்கு. இந்த ஊருக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது; இரண்டும் விளையாத ஊரில் இரண்டையும் யார் சிந்துவார்கள்? ஆகையால் பரிசுக்கான துண்டு தறியிலிருந்து வருவதில்லை, பீரோவிலிருந்து வருகிறது. நெய்த வீட்டிலிருந்து அல்ல, கட்டிய வீட்டிலிருந்து.

இந்த எடைக் கணக்கை வைத்து ஒரு படமே எடுத்திருக்கிறார்கள். பிரியதர்ஷன் இயக்கி, பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்'. 2007-ம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டு தேசிய விருதும் அதற்குத்தான். பிறந்த பெண்ணுக்குக் கல்யாணத்தில் பட்டுப் புடவை உடுத்தி அனுப்புவேன் என்று நெசவாளி வாக்குக் கொடுக்கிறான். கூலியில் அது நடக்காது. தினமும் கொஞ்சம் பட்டு நூலை வாயில் அடக்கிக் கொண்டுவந்து, வீட்டில் ஒளித்து வைத்த தறியில் இரவில் நெய்கிறான். கடைசியில் பாதியில் நின்ற அந்தத் துணி எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கையால் செய்து வீட்டாருக்குக் கொடுக்கும் துணிப் பரிசு என்று வருகிறபோது, தமிழில் இதைவிடக் கனமான கதையை ஆய்வாளர் கண்டதில்லை. பகடிக்கு அந்த இடத்தில் வேலை இல்லை, நகர்ந்துவிடுவதே மரியாதை.

பீரோவுக்குத் திரும்புவோம். பட்டுப் புடவை கட்டிக் கிழிவதில்லை, மடித்துக் கிழிகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் எல்லாரும் செய்வார்கள். அப்புறம் அந்தப் புடவை பீரோவின் உள்தட்டில் அடியில் போய்ச் சயனம் கொள்கிறது. ஊரில் இதற்கு முன்மாதிரி இருப்பதும் ஒரு காரணமோ என்னவோ. வரதராஜர் கோயில் குளத்துக்குள் சயனிக்கும் அத்தி மர மூர்த்தியான அத்தி வரதர் 1979-க்குப் பிறகு 2019-ல்தான் அந்த அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஜூலை 1 முதல் தரிசனம் தந்து, ஆகஸ்ட் 17-ல் மறுபடி நீருக்குள் போனார். அடுத்தது 2059. பெருமாள் நாற்பது வருஷம் கழித்தும் அப்படியே வருகிறார். புடவை அப்படி வருவதில்லை. பிரித்தால் மடிப்புக் கோடு நெடுக ஒரு சத்தமும் இல்லாமல் விட்டுப்போகிறது. முந்தியும் கரையும் மட்டும் புத்தம் புதிதாக மின்னுகின்றன.

அந்த நேரத்தில் புடவைக்கு முன் இரண்டு வழிகள். ஒன்று, தெருவோடு 'பழைய பட்டுப் புடவை இருக்கா' என்று குரல் கொடுத்துப் போகிறவர். அவருக்குப் பட்டு வேண்டாம், சரிகைதான் வேண்டும். நல்ல சரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றி, தங்க முலாம் ஏற்றியது. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோது சொன்ன அளவு, நூற்றில் 57 பங்கு வெள்ளி, 0.6 பங்கு தங்கம். அவர் கரையோரத்தில் ஊசியால் ஒரு சரிகை இழையைச் சுரண்டுவார். உள்ளே சிவப்புத் தெரிந்தால் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார்; வேறு எது தெரிந்தாலும் உதட்டைப் பிதுக்குவார். வாங்கிய புடவை அடுப்புக்குப் போகும். பட்டு எரிந்து, வெள்ளி உருகி வரும். ஒரு புடவையில் 100 கிராம் சரிகை என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்குப்படி 57 கிராம் வெள்ளி. பழைய கல்யாணப் புடவை ஒன்றுக்குக் காசு கொடுத்தும் அவருக்கு லாபம் நிற்பது இதனால்தான்.

இன்னொரு வழி, பெரியம்மாவின் கத்தரிக்கோல்.

கத்தரி வைப்பதற்கு முன் வீட்டில் ஒரு விவாதம் நடக்கும். கூறைப் புடவையில் கத்தரி வைக்கலாமா? கோயிலில் அம்மனுக்குச் சாத்தி, ஏலத்தில் எடுத்த புடவை என்றால்? இவற்றுக்கு எழுதப்பட்ட விதி இல்லை. ஆனால் விதி இருக்கிறது. அம்மன் சாத்திய புடவையில் திருநீற்றுப் பை தைக்கலாம், விளக்கு மாடத்துக்குத் திரை தைக்கலாம், கால்மிதி தைக்கக் கூடாது. கூறைப் புடவையில் பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். அப்படித் தைத்தால் அது வெட்டியதாகாது, வளர்த்ததாகும். டிவி ரிமோட்டுக்கு உறை தைப்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு.

கணக்குப் பார்ப்போம். புடவை ஐந்தரை மீட்டர், அகலம் 48 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.2 மீட்டர். ஒரு சுருக்குப்பைக்கு 25 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் துண்டு வேண்டும். நீளத்தில் 22, அகலத்தில் 3. பெருக்கினால் 66 பை. காகிதத்தில் இவ்வளவு. மடிப்பில் விட்டதும், ஒரு கல்யாணத்தில் சாம்பார் பட்டதும், நெய் விளக்குப் பொறி விழுந்ததும் கழிய வேண்டும். கரையில்லாத பை யாருக்கும் வேண்டாம் என்பதால் நடு உடம்பிலிருந்து வரும் வரிசை முழுக்கப் பாவாடைக்குப் போகும், அல்லது அப்படியே சுருட்டி மறுபடி பீரோவுக்குப் போகும். மிச்சப் பைகளை யாருக்குக் கொடுப்பது என்பதில் இன்னொரு கழித்தல் நடக்கும். அது அரசியல்; இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

இனி செய்முறை, கிட்டத்தில் இருந்து பார்த்தபடி. பட்டை வெட்டியதும் ஓரத்து இழைகள் நழுவத் தொடங்கும். வெட்டுமுன் பின்பக்கம் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து, மேலே ஒரு மல் துணி போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டுவிட்டால் அவை அடங்கும். சூடு ஏறினால் பட்டு சுருங்கி, முடி கருகின வாசனை வரும். பட்டும் முடியும் ஒரே குலம், இரண்டும் புரதம். சரிகைக் கரையில் புதுக் கத்தரிகூட நாலு பைக்குள் மழுங்கிவிடுகிறது, வெட்டுவது உலோகத்தை அல்லவா. மெஷினில் 11-ம் நம்பர் ஊசி போதும். தடித்த ஊசி போட்டால் துணியில் கண்ணாகத் தெரியும். அவசரக்காரர்கள் தைப்பதற்குப் பதில் பசை போடுவார்கள். வெள்ளைப் பசை பட்டில் இறங்கி, காய்ந்த பிறகு அரக்கு நிறத்தின்மேல் உலக வரைபடம் போல ஒரு கறையை விட்டுப் போகும். அதை மறைக்க ஒரு கண்ணாடி. கண்ணாடியின் தனிமையைப் போக்கச் சுற்றிலும் மணி. பூவேலை பலவற்றுக்கும் இதுதான் பிறப்பின் ரகசியம்.

கடைசியில் நாடா. மேல் ஓரத்தை மடித்துத் தைத்த சுரங்கத்துக்குள், நாடாவின் நுனியில் ஊக்கு குத்தி, விரலால் அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். பாதி வழியில் ஊக்கு திறந்துகொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இழுத்தால் பட்டு கிழியும். வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒவ்வொருவராக வந்து பார்த்து, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். பட்டுச் சுருக்குப்பை கூட்டுக் குடும்பத்தின் தயாரிப்பு என்று சொல்ல முடியுமானால் அது இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்.

தைப்பவருக்குத் தரம் பார்க்க ஒரு குறிப்பு. காஞ்சிப் புடவையில் உடம்பும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் அது கோர்வை. மூன்று ஓடம் வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் வேண்டும். உடம்பின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் சொல்வது இதனால்தான். அந்தப் புடவை கட்டி நடந்த கல்யாணங்களுக்கு அவர்கள் இப்படி உறுதி தருவதில்லை. முந்தி வேறு நிறத்தில் வருகிற இடத்தில் உடம்பின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து மாற்றுகிறார்கள். அதற்குப் 'பிட்னி' என்று பெயர். அந்த இடத்தில் குறுக்கே லேசாகச் சொரசொரத்த ஒரு கோடு ஓடும். விரல் வைத்தால் தெரியும். அறியாதவர்கள் அதைப் பிசிறு என்று வெட்டித் தள்ளுகிறார்கள். அறிந்தவர்கள் அந்தக் கோடு பையின் நெற்றியில் வரும்படி வெட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆய்வாளர் நடுநிலை வகிக்கத் தயாராக இல்லை.

பை ஆயிற்று. இப்போது கொடுக்க வேண்டும்.

பரிசைப் பற்றி 1925-ல் புகழ்பெற்ற கட்டுரை எழுதிய பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், பரிசில் மூன்று கடமைகள் இருப்பதாகச் சொன்னார்: கொடுத்தே ஆக வேண்டும், வாங்கியே ஆக வேண்டும், திருப்பிச் செய்தே ஆக வேண்டும். மொய் நோட்டு உள்ள நாட்டில் இதைச் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரர் தேவையில்லை. ஆனால் மோஸின் பார்வைக்குத் தப்பிய நான்காவது கடமை ஒன்று கைத்தையல் பரிசில் இருக்கிறது. அது, காட்டியே ஆக வேண்டும் என்பது. பெரியம்மா முன்னறிவிப்பில்லாமல் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் அந்த வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்துப் பேச்சை வளர்க்கிறார். இன்னொருவர் உள்ளே பீரோவைக் குடைகிறார். தலையணை உறை ஐந்து வருஷ மடிப்போடு வெளியே வந்து, சோபாவில் ஏறி, நேற்றிலிருந்து அங்கேயே இருப்பது போல உட்கார்ந்துகொள்கிறது. பெரியம்மா அதில் சாய மாட்டார். கையால் ஒரு முறை நீவிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

அந்த நீவலில்தான் இந்த ஆய்வின் விடை இருக்கிறது. ரவிக்கைத் துண்டு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பட்டுச் சுருக்குப்பையைக் கையில் எடுத்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"இது அம்மாவோட மாம்பழக் கலர் இல்ல?"

"இல்லடி, அம்மாவோடது மயில்கண் கரை. இது பெரிய அண்ணி சீமந்தத்துக்குக் கட்டுனது."

"அண்ணிக்கு எடுத்தது அரக்கு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நடுத் தெருவுல போய் எடுத்தோம், வர்றப்ப மழை."

இப்படி முக்கால் மணி நேரம். கரையில் ருத்ராட்சம் இருந்ததா, கோபுரம் இருந்ததா என்பதில் தொடங்கி, யார் யாருக்கு எவ்வளவு விலையில் எடுத்தார்கள், யாருக்குக் கரை சின்னதாகப் போயிற்று, அதனால் யார் யாரோடு ஆறு மாதம் பேசவில்லை என்பது வரை போகும். புதுத் துணியில் இந்தப் பேச்சு எழாது. கடைவீதியில் இப்போது சரிகை போட்ட சுருக்குப்பைகள் டஜன் கணக்கில் கிடைக்கின்றன. கல்யாணத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். தையல் நேராக இருக்கிறது. நாடா சிக்குவதில்லை. ஊக்கு திறந்த கதை எதுவும் அதில் இல்லை. அதனாலேயே அவை அடுத்த வாரமே வேறு வீட்டுக்குப் போய்விடுகின்றன. ரவிக்கைத் துண்டின் தங்கை என்று ஆய்வாளர் அவற்றை வகைப்படுத்துகிறார்.

வீட்டுப் பையை அப்படிக் கொடுத்து அனுப்ப முடியாது. வாங்கியவள் யாருக்காவது கொடுத்தால், அந்த யாராவதும் சொந்தமாகத்தான் இருப்பாள், முதல் பார்வையிலேயே, "இது உங்க பெரியம்மா புடவையாச்சே?" என்பாள். சொந்தமில்லாதவர்களுக்குக் கொடுக்கலாம்தான். ஆனால் அவர்களிடம் அது யார் புடவை என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் கொடுக்க மனசு வராது. பிக்குகளின் விதி இங்கே இன்னும் ஒரு படி மேலே போகிறது. கத்தி பட்டதால் துணிக்குச் சந்தையில் மதிப்புப் போயிற்று. வாங்கவும் ஆள் இல்லை, விற்கவும் ஆள் இல்லை. தெருவோடு போகிற வெள்ளிக்காரர்கூட இதை எடுக்க மாட்டார். எடைக்கு நிற்கிற அளவுக்குச் சரிகை ஒரு பையில் கிடையாது. எல்லாச் சந்தையிலிருந்தும் தள்ளுபடியாகி, ஒரே ஒரு வீட்டில் மட்டும் செல்லுபடியாகிற நாணயம்.

மறுப்பும் கேட்டுவிட வேண்டும். இதற்குச் செலவாகிற நேரத்தில் ஒரு பாவாடையே கடையில் வாங்கிவிடலாம் என்பார்கள். உண்மை. கோர்வைப் புடவையை வெட்டுவதே பாவம், அப்படியே பாதுகாத்து வைக்க வேண்டும் என்பார்கள். அதிலும் பாதி உண்மை. கிழியாத புடவையில் கத்தரி வைப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு ஆய்வாளரின் ஆதரவு இல்லை. தைத்தது எல்லாம் அழகாக இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லாமல் நழுவுகிறார். பசைக் கறையை மறைக்க வைத்த கண்ணாடியும், கண்ணாடிக்காக வைத்த மணியும், மணிக்காக வைத்த சலங்கையுமாகச் சில பைகள் காவடி எடுத்தது போலத்தான் இருக்கின்றன. அழகு இல்லாததும் ஒரு வகையில் அவற்றைக் காப்பாற்றுகிறது; யாரும் இரவல் கேட்பதில்லை.

ஆய்வின் இறுதிக் கட்டமாக, ஒரு பீரோவின் உள்தட்டிலிருந்து வகைமாதிரிப் பை ஒன்று வெளியே எடுக்கப்பட்டது. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, நெற்றியில் பிட்னிக் கோடு. நாடாவின் ஒரு முனையில் குஞ்சம். மறுமுனையில் இருந்த குஞ்சத்தைக் காணோம். உள்ளே இருந்தவை: தோட்டின் திருகாணி ஒன்று, காமாட்சி அம்மன் கோயில் குங்குமப் பொட்டலம் இரண்டு, மொய்க் கவரிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு ரூபாய் நாணயங்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி, திறந்த நிலையில் ஒரு ஊக்கு. அடியில், நான்காக மடித்து, உறை பிரிக்காத ஒரு ரவிக்கைத் துண்டு. வருகிற வெள்ளிக்கிழமை எதிர்வீட்டில் வளைகாப்பு.